மிக்சரின் முதுகுப் பக்கம்

மேடைக்கு முன்னால் நிற்கிற கூட்டம் டிஜேயின் விரல்களையே பார்த்துக்கொண்டிருக்கட்டும். நாம் அப்படியே ஓரமாக நழுவி, கறுப்புத் திரையை விலக்கி, பின்பக்கம் போய்விடுவோம். ஒயர்களைத் தரையோடு டேப் போட்டு ஒட்டியிருக்கிறார்கள், பார்த்துக் கால் வையுங்கள். வந்தாயிற்று! கொஞ்சம் குனிந்து மிக்சரின் முதுகைப் பாருங்கள். இன்றிரவு இங்கே நடப்பது, பத்து வருஷம் கழித்துக் கேட்கப்போகிறவர் காதில் எப்படி விழும் என்பது இந்த முதுகில்தான் முடிவாகிறது.

பெரிய கிளப்களில் அடிக்கடி கண்ணில் படுகிற பயனியர் டிஜேஎம்-900 நெக்ஸஸ் 2 என்ற மிக்சரையே எடுத்துக்கொள்வோம். 2016-இல் வந்தது. பின்னால் வரிசையாக ஓட்டைகள். 'மாஸ்டர் 1' என்று எழுதிய தடித்த எக்ஸ்எல்ஆர் ஜோடி, அரங்கத்து ஸ்பீக்கர்களுக்குப் போகிறது. 'பூத்' என்பது டிஜே தன் காதுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிற ஸ்பீக்கருக்கு. 'மாஸ்டர் 2' இன்னொரு வழி. அந்த நெரிசலுக்குள் சிவப்பும் வெள்ளையுமாகச் சின்னதாக ஒரு ஆர்சிஏ ஜோடி தெரிகிறதா? 'ரெக் அவுட்'! எனக்கு இந்த இரண்டு ஓட்டைகளைப் பார்த்தாலே மனசு துள்ளும்.

காரணம் இருக்கிறது. மாஸ்டர் குமிழைத் திருகினால் அரங்கத்தில் சத்தம் ஏறும், இறங்கும். ரெக் அவுட்டுக்கு அந்த ஏற்ற இறக்கம் எட்டவே எட்டாது. இரவு ஒரு மணிக்கு அக்கம்பக்கத்துப் புகார் வருகிறது, ஒலியைக் குறைக்கச் சொல்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாஸ்டர் 2-இல் ரெக்கார்டரைச் சொருகியவரின் பதிவில், நல்ல பாட்டுக்கு நட்டநடுவே சத்தம் தொபுக்கென்று கீழே இறங்கும். ரெக் அவுட்டில் சொருகியவரின் பதிவில் அப்படி ஒரு சம்பவம் நடந்த தடயமே இருக்காது. ஒரே இரவு, ஒரே மிக்சர், இரண்டு விரல்கடை தள்ளி இரண்டு ஓட்டைகள். இரண்டு வேறு வரலாறு!

இப்போது ரெக்கார்டரைப் பாருங்கள். உள்ளங்கை அளவு. அதன் மேல் சிவப்பு விளக்கு மினுக்குகிறது. ஆகா, பதிவாகிறது என்று நினைத்தால் கதை முடிந்தது. கையடக்க ரெக்கார்டர்கள் பலவற்றில் பொத்தானை முதல்முறை அழுத்தினால் 'தயார்' நிலைதான். மீட்டர் ஆடும், விளக்கு மினுக்கும், ஆனால் கார்டில் ஒரு துளி எழுதாது. இரண்டாவது முறை அழுத்தி, விளக்கு நிலையாக எரிந்து, நொடிகள் ஓடத் தொடங்கினால்தான் பதிவு. டிஜே வாசிக்கிற இரண்டு மணி நேர செட் முழுவதும் விளக்கு மினுக்கிக்கொண்டே இருந்து, கடைசியில் வெறும் கார்டோடு வீட்டுக்குப் போன கதைகள் இந்தத் தொழிலில் ஏராளம். அதனால்தான் கைதேர்ந்தவர்கள் விளக்கைப் பார்ப்பதில்லை, நொடி ஓடுகிறதா என்று பார்க்கிறார்கள். ஓடத் தொடங்கியதும் பக்கவாட்டில் இருக்கும் 'ஹோல்டு' ஸ்விட்சைத் தள்ளிப் பூட்டி, மேலே ஒரு துண்டு டேப்பும் ஒட்டிவிடுகிறார்கள். டிஜேயைப் பார்க்க வந்த நண்பர் கிளாஸை வைக்க இடம் தேடி எந்தப் பொத்தானை நசுக்குவார் என்று யாருக்குத் தெரியும்?

ஒலியளவு என்பது இன்னொரு தனி நாடகம். மீட்டரில் பச்சை, ஆரஞ்சு, சிவப்பு. ஒரு டிஜே முடித்து அடுத்தவர் ஏறுகிற அந்த நிமிஷத்தைக் கவனித்துப் பாருங்கள். வந்தவர் முன்னவரைவிட ஒரு இழை அதிகமாகவே வைப்பார். அவருக்குப் பின் வருகிறவர் அதற்கும் மேலே. விடியற்காலைக்குள் மீட்டர் சிவப்பில் குடியிருக்கும். டிஜிட்டலில் பூஜ்ஜியம் என்பது கூரை, அதற்கு மேல் மாடி கிடையாது. கூரையில் இடித்த ஒலியலையின் உச்சி, கத்தியால் சீவியதுபோல் தட்டையாகிவிடும். அலைவடிவத்தைத் திரையில் பெரிதாக்கினால் கண்ணாலேயே பார்க்கலாம். வளைந்து இறங்கவேண்டிய இடமெல்லாம் மொட்டையாக நிற்கும். அதனால் பதிவு செய்கிறவர் சராசரியைக் கூரையிலிருந்து 12 டெசிபல், இன்னும் பயந்தவராக இருந்தால் 18 டெசிபல் கீழே வைத்துவிடுவார். 24 பிட் பதிவில் கீழே அவ்வளவு இடம் இருக்கிறது, தாராளமாக விடலாம். 2019-இல் வந்த ஜூம் எஃப்6 போன்ற ரெக்கார்டர்கள் 32 பிட் ஃப்ளோட் முறையில் பதிகின்றன. அதில் ரெக்கார்டரின் மீட்டர் சிவப்பைத் தாண்டினாலும் பிறகு கீழே இறக்கி மீட்டுவிடலாம். கேட்கவே குளுகுளுவென்று இருக்கிறது, இல்லையா? ஆனால் மிக்சருக்குள்ளேயே சீவப்பட்ட உச்சியை எந்த ரெக்கார்டராலும் ஒட்டவைக்க முடியாது. டிஜே சிவப்பில் குடித்தனம் நடத்தினால், சிவப்பு அப்படியேதான் பதிவாகும்.

சரி, ரெக் அவுட்டில் ஒயர், விளக்கு நிலையாக எரிகிறது, அளவு பத்திரம். சுத்தமான பதிவு கிடைத்துவிட்டது. வீட்டுக்கு வந்து ஹெட்போன் மாட்டிக் கேட்டால்... ஏதோ குறைகிறதே!

டிஜே பேஸை முழுக்க வெட்டி, எல்லா ஒலியையும் நிறுத்தி, ஒரு நொடி மௌனம் விட்டாரே, அப்போது கூட்டம் கூரை பிய்ந்துபோகிற மாதிரி கத்தியதே, அது எங்கே? மிக்சரிலிருந்து ஒயரில் நேராக எடுத்த இந்த லைன் பதிவில் அந்த இடத்தில் இருப்பது வெறும் மௌனம் மட்டும்தான். மிக்சருக்குக் காது கிடையாது. தனக்குள் வந்ததை மட்டும்தான் அது வெளியே தரும். கூட்டத்தின் கூச்சல் வேண்டுமானால் அரங்கத்தில் தனியாக மைக் வைத்தாக வேண்டும்.

வைத்தால் அடுத்த வேடிக்கை ஆரம்பம். ஒலி ஒரு நொடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் ஓடும். ஸ்பீக்கரிலிருந்து 17 மீட்டர் தள்ளி மைக் நின்றால், ஒவ்வொரு டிரம் அடியும் 50 மில்லி நொடி தாமதமாக அங்கே போய்ச் சேரும். லைன் பதிவோ தாமதமே இல்லாதது. இரண்டையும் அப்படியே கலந்தால் ஒவ்வொரு அடியும் இரட்டை அடியாக, 'டும்டும்' என்று தடுக்கி விழும். எனவே பொறியாளர் திரையில் இரண்டு அலைகளையும் ஒன்றன்கீழ் ஒன்றாகப் போட்டு, ஒரு கிக் டிரம்மின் ஆரம்ப முனையைப் பெரிதாக்கி, மைக் பதிவை இழுத்து இழுத்து லைனின் முனையோடு பொருத்துகிறார். பொருந்துகிற அந்தக் கணத்தில் அறை சட்டென்று திறந்துகொள்ளும்! தட்டையாகக் கிடந்த இசைக்குச் சுவர் முளைக்கும், கூரை முளைக்கும், முன்வரிசையில் யாரோ விசில் அடிப்பது இடது காதோரம் கேட்கும். பிறகு மைக் பதிவில் இருக்கிற பேஸைப் பெரும்பாலும் வெட்டிவிடுவார்கள். அரங்கத்துச் சுவர்களில் முட்டி மோதிக் குழம்பிய பேஸ் அது. பேஸுக்கு லைன், கூச்சலுக்கு மைக். என்னைக் கேட்டால் இந்தக் கலவைதான் உச்சம். சுத்தமான லைன் பதிவைக் கொண்டாடுகிற தோழர்கள் பலர் உண்டு, அவர்களோடு இந்த ஒரு விஷயத்தில் எனக்கு ஒத்துப்போவதில்லை.

லைன் பதிவில் இன்னொரு ரகசியமும் இருக்கிறது. டிஜே தன் கையால் பேஸையும் டிரெபிளையும் திருகுவது நமக்காக இல்லை, அந்த அறைக்காக. மூலைக்கு மூலை பேஸ் தேங்குகிற அறை என்றால், குமிழைக் கீழே இறக்கிவிட்டுத்தான் வாசிப்பார். அங்கே நின்று கேட்டவர்களுக்கு அது கச்சிதம். அதே செட்டை லைன் பதிவில் கேட்டால் சவலைப்பிள்ளை மாதிரி மெலிந்து கிடக்கும். அறையின் குறையை ஈடுகட்டிய கை, அறையே இல்லாத பதிவில் தனியாகத் தெரிகிறது. பதிவு மோசம் என்று தூக்கிப்போட்ட எத்தனையோ செட்டுகளில் பேஸைக் கொஞ்சம் ஏற்றிக் கேட்டால், அந்த இரவு அப்படியே எழுந்து வரும்.

டெட்ராய்ட் டிஜே ஜெஃப் மில்ஸ் 1995-இல் டோக்கியோவின் லிக்விட் ரூமில் வாசித்ததைக் கேட்டிருக்கிறீர்களா? 1996-இல் சிடியாக வந்தது. வினைல் தட்டுகளின் கரகரப்பு, ஊசி வழுக்குகிற ஓசை, கூட்டத்தின் கத்தல், எல்லாமே அதில் உள்ளே இருக்கின்றன. துடைத்துத் தூய்மையாக்கி விற்க ஒரு பெரிய கம்பெனியால் முடியாதா என்ன? விட்டுவைத்தார்கள். அதனாலேயே டெக்னோ பிரியர்கள் அதை இன்றுவரை தூக்கி வைத்துக் கொண்டாடுகிறார்கள். 2010-இல் லண்டனில் ஒரு வெப்கேமராவைச் சுவரில் டேப் போட்டு ஒட்டி ஆரம்பித்த பாய்லர் ரூம் நிகழ்ச்சிகளும் அந்த வழிதான். டிஜேயைச் சுற்றிக் கூட்டம் முண்டியடித்து நிற்கும். 2022-இல் ஃப்ரெட் அகெய்ன் லண்டனில் வாசித்த பாய்லர் ரூமில், ரசிகர் ஒருவரின் கை பட்டு இசை டக்கென்று நின்றேபோயிற்று. கூட்டம் ஒரு கணம் திகைத்து, அடுத்த கணம் ஆர்ப்பரிக்கிறது. மைக் இல்லாத லைன் பதிவில் அந்த இடத்தில் என்ன இருந்திருக்கும்? ஒலி நின்று, மறுபடி ஓடத் தொடங்கியது மட்டும்!

கூட்டத்துக்குள்ளிருந்து கைபேசியில் எடுக்கிற பதிவைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கைபேசி தானாகவே அளவைக் கூட்டிக் குறைப்பதால் ஒவ்வொரு கிக் அடிக்கும் மொத்த ஒலியும் அமுங்கி எழும். பேஸ் வந்தால் மைக் திணறும். பெர்லினின் பெர்க்ஹைன் கிளப்பில் அதற்கும் வழியில்லை. வாசலிலேயே கைபேசிக் கேமராவின் மேல் ஸ்டிக்கர் ஒட்டித்தான் உள்ளே விடுகிறார்கள்.

இனி வானொலிப் பக்கம் ஓடுவோம், இங்கேதான் எனக்குத் தலைகால் புரியாது! பிபிசி ரேடியோ 1-இல் 'எசென்ஷியல் மிக்ஸ்' 1993 அக்டோபர் 30 அன்று தொடங்கியது. முதல் செட்டை நிகழ்ச்சியை நடத்திய பீட் டாங்கே வாசித்தார். ஒவ்வொரு வாரமும் ஒரு டிஜே, இரண்டு மணி நேரம். ஸ்டூடியோவில் செதுக்கியவையும் உண்டு, கிளப்பிலிருந்து நேராக வந்தவையும் உண்டு. பால் ஓக்கன்ஃபோல்ட் 1994 டிசம்பரில் கொடுத்த 'கோவா மிக்ஸ்' நம் நாட்டுக் கடற்கரையின் பெயரைச் சூடிக்கொண்டு புகழ்பெற்றது.

இரண்டு மணி நேரம்! 90 நிமிடக் கேசட்டில் ஒரு பக்கம் 45 நிமிஷம். நள்ளிரவில் வானொலி முன்னால் உட்கார்ந்திருப்பவர் என்ன செய்வார்? 44-ஆவது நிமிஷத்தில் விரலைப் பொத்தானில் வைத்துக்கொண்டு காத்திருப்பார், கேசட் நின்றதும் பிடுங்கித் திருப்பிப் போடுவார். அந்தச் சில நொடி ஓட்டை இன்றுவரை பல பதிவுகளில் அப்படியே இருக்கிறது, பெரும்பாலும் நல்ல இடத்தில்தான் வந்து தொலையும். மினிடிஸ்க் 1992-இல் வந்தது, ஆரம்ப வருஷங்களில் அதிலும் 74 நிமிஷத்துக்கு மேல் கிடையாது. சாமர்த்தியசாலிகள் சிலர் வேறொன்று கண்டுபிடித்தார்கள். வீட்டில் இருக்கிற வீடியோ டெக்! விஎச்எஸ் ஹை-ஃபை டெக்கில் மூன்று மணி நேர வீடியோ கேசட்டைப் போட்டு, படத்துக்குப் பதிலாக எஃப்எம் ரேடியோவின் ஒலியைச் செலுத்திவிட்டுத் தூங்கப் போய்விடலாம். காலையில் செட் முழுசாக, திருப்பாமல், ஆடியோ கேசட்டைவிடப் பல மடங்கு நல்ல தரத்தில்! இதைச் செய்தவர்களை நேரில் பார்த்தால் கையைப் பிடித்துக் குலுக்க வேண்டும்.

பின்னாளில் ஒரே செட் நான்கு வழியில் வீட்டுக்கு வந்தது. எஃப்எம், டாப் என்கிற டிஜிட்டல் வானொலி, சாட்டிலைட், இணையம். சேகரிப்பவர்கள் கோப்பின் பெயரிலேயே நாளோடு வழியையும் எழுதிவைத்தார்கள். அந்த ஒற்றைச் சொல்லைப் பார்த்தே, கேட்காமலே, எப்படி ஒலிக்கும் என்று சொல்லிவிடலாம்.

எஃப்எம் என்றால் 15,000 ஹெர்ட்ஸுக்கு மேல் ஒன்றும் இருக்காது. 19,000-இல் ஸ்டீரியோவை அடையாளம் காட்ட ஒரு தனி ஒலி ஓடுகிறது, அதற்கு இடம் விட்டு அங்கேயே வெட்டிவிடுகிறார்கள். போதாததற்கு, காரில் போகிறவருக்கும் சமையலறையில் நிற்கிறவருக்கும் ஒரே மாதிரி கேட்கவேண்டுமென்று நிலையம் எல்லா ஒலியையும் அமுக்கிச் சமன் செய்துதான் அனுப்பும். டிஜே மெதுவாக, மூச்சைப் பிடித்து, பத்து நிமிஷமாகக் கட்டி எழுப்புகிற ஏற்றம் எஃப்எம்மில் ஆரம்பத்திலேயே உச்சத்தில் இருக்கும்.

டாப்பில் ரேடியோ 1 பின்னாளில் 128 கிலோபிட் எம்பி2 ஆகச் சுருங்கியது. எம்பி2 என்பது எம்பி3-க்கு மூத்தது, இந்த அளவில் அதற்கு மூச்சு முட்டும். டிரம்மின் ஹை-ஹாட்டைக் கவனியுங்கள். 'ட்ஸ் ட்ஸ்' என்று கூர்மையாக விழவேண்டியது, காய்ந்த தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்த மாதிரி சுர்ரென்று கலைந்து ஓடும். ஒருமுறை காதில் பட்டால் பிறகு அதைக் கேட்காமல் இருக்கவே முடியாது.

சாட்டிலைட்டில் அதே நிலையம் 192 கிலோபிட் எம்பி2 ஆக இறங்கியது. இங்கே ஒரு அற்புதம்! கணினியில் சாட்டிலைட் கார்டைச் சொருகி, வானத்திலிருந்து விழுகிற அந்த எண்களை அப்படியே, ஒரு பிட்கூட மாற்றாமல் கோப்பாக எழுதிக்கொள்ளலாம். ஸ்பீக்கர் இல்லை, ஒயர் இல்லை, மறுபடி சுருக்கும் வேலை இல்லை. நிலையம் அனுப்பியதும் நீங்கள் வைத்திருப்பதும் அச்சு அசலாக ஒன்று. நான்கு வழிகளில் அந்தக் காலத்துக்கு இதுவே என் தேர்வு. நல்ல ஆன்டெனா போட்டு, நல்ல டியூனர் வைத்து எடுத்த எஃப்எம் பதிவு இரண்டாவது. சுருக்கலின் சுர்ரென்ற கலைசல் எஃப்எம் வழியில் சேராததால், 15,000-க்குக் கீழே அது ரொம்பவே இதமாக இருக்கும்.

இதையெல்லாம் காது மட்டும் வைத்தா கண்டுபிடிக்கிறார்கள்? இல்லை, கண்ணும் உண்டு! ஸ்பெக்ட்ரோகிராம் என்று ஒரு படம். இடமிருந்து வலமாக நேரம், கீழிருந்து மேலாக ஒலியின் உயரம், பலமான இடமெல்லாம் பளிச்சென்று. ஸ்பெக் போன்ற இலவச மென்பொருளில் ஒரு கோப்பை இழுத்துப் போட்டால் சில நொடியில் வரைந்து காட்டிவிடும். 15,000-இல் ஒரு வெட்டு, அதற்கு மேலே இருட்டு, 19,000-இல் மட்டும் செட்டின் ஆரம்பத்திலிருந்து கடைசிவரை ஒரு மெல்லிய நேர்க்கோடு. பார்த்தீர்களா, எஃப்எம்மின் அந்த அடையாள ஒலியேதான்! டியூனர் முழுசாக வடிகட்டாமல் விட்ட மிச்சம், கையெழுத்து மாதிரி பதிந்துவிட்டது. கோப்பின் பெயரில் என்ன எழுதியிருந்தாலும் சரி, இந்தக் கோடு பொய் சொல்லாது. 128 கிலோபிட் எம்பி3 பெரும்பாலும் 16,000-இல் வெட்டுப்படும். அதை யாரோ எடுத்து 320 ஆக ஊதிப் பெருக்கிவைத்திருந்தால் கோப்பு பெருத்திருக்கும், வெட்டு அங்கேயே இருக்கும்.

ரெக் அவுட்டில் எடுத்த சுத்தமான பதிவை இந்தப் படத்தில் போட்டுப் பார்ப்பது இன்னும் விறுவிறுப்பு. அங்கே தெரிவது பதிவின் தரம் மட்டுமில்லை, டிஜேயின் பெட்டியே திறந்து கிடக்கும்! முதல் பாட்டு 22,000 வரை நிரம்பியிருக்கிறது, சுருக்காத நல்ல கோப்பு. இரண்டாவது 20,000-இல் வெட்டுகிறது, 320 எம்பி3-ஆக இருக்க வேண்டும். மூன்றாவது திடீரென்று 16,000-க்கு இறங்கிவிடுகிறது. அந்தப் பாட்டை அவர் எங்கோ இணையத்தில் உருவியிருக்கிறார்! இரண்டு பாட்டும் ஒன்றின்மேல் ஒன்று ஏறுகிற இடத்தில், மேல்விளிம்பு படிக்கட்டு மாதிரி இறங்குவதை நிமிஷம் நொடியோடு குறித்துக்கொள்ளலாம். யாரும் வெளியிடாத பாட்டு, யாரிடமும் இல்லாத கோப்பு என்றால் 16,000-இல் வெட்டினாலும் நான் மனதார மன்னித்துவிடுவேன். கடையில் காசு கொடுத்தால் கிடைக்கிற பாட்டுக்கு மாட்டேன். பெரிய ஸ்பீக்கரில் அந்த வித்தியாசம் உடம்பிலேயே தெரியும். சுருக்காத கோப்பு நெஞ்சைத் தள்ளும், உருவியது வெறுமனே சத்தமாக இருக்கும்.

படத்தின் அடிமட்டத்துக்கு வந்தால் இன்னொரு வேட்டை. 50 ஹெர்ட்ஸில் ஒரு கோடு, 100-இல், 150-இல் அதன் நிழல்கள். இது மின்சாரத்தின் முனகல். எர்த் ஒயர் சரியாக இல்லாத டர்ன்டேபிளிலிருந்தோ, இரண்டு கருவிகள் வேறு வேறு பிளக்கில் இருப்பதாலோ நுழைகிறது. ஐரோப்பாவிலும் நம் ஊரிலும் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அமெரிக்காவில் 60. பெயரும் ஊரும் எழுதாத ஒரு கேசட் கையில் கிடைத்தால், முனகலைப் பார்த்து அது அட்லாண்டிக்கின் எந்தக் கரையில் பதிவானது என்று ஊகிக்கலாம்! அதோடு நிற்கவில்லை. 50-இல் இருக்கவேண்டிய கோடு 50.5-இல் இருந்தால், கேசட் ஒரு சதவீதம் வேகமாக ஓடுகிறது என்று அர்த்தம். அந்த ஒரு சதவீதத்தைக் குறைத்துவிட்டால், டிஜே அன்றிரவு எந்த வேகத்தில் வாசித்தாரோ அதே வேகத்துக்குச் செட் திரும்பிவிடும். பதிவின் குறை என்று எல்லோரும் முகம் சுளித்த முனகல், கடிகாரமாகிவிடுகிறது. இதைச் செய்து காட்டுகிறவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் நேரம் போவதே தெரியாது.

கேசட் என்றதும் இங்கிலாந்தின் ரேவ் காலம் நினைவுக்கு வந்துவிடுகிறது. 90-களில் ஃபேன்டேசியா, ட்ரீம்ஸ்கேப், ஹெல்ட்டர் ஸ்கெல்ட்டர் என்று விடிய விடிய நடந்த கொண்டாட்டங்களைக் கேசட் பெட்டிகளாகப் போட்டு விற்றார்கள். ஒரு பெட்டியில் பல கேசட், பெரும்பாலும் ஒரு கேசட்டுக்கு ஒரு டிஜே. மிக்சரிலிருந்து நேராக எடுத்தவை என்பதால், மைக்கில் பேசிக் கூட்டத்தை உசுப்பிவிடுகிற எம்சியின் குரல் இசைக்கு மேலே பளிச்சென்று உட்கார்ந்திருக்கும், கூட்டம் எங்கோ தூரத்தில். எம்சி தொணதொணக்கிறார் என்று சலித்துக்கொள்கிறவர்கள் உண்டு. எனக்கோ அந்தக் குரல் இல்லாவிட்டால் இரவே இல்லை. நூற்றுக்கணக்கில் வேகமாக நகலெடுத்த கேசட்டுகள் என்பதால் டிரெபிள் மங்கியிருக்கும். அதை மீட்கிற முதல் வேலைக்கு மென்பொருள் வேண்டாம், டேப் ரிக்கார்டர் இருந்த நம் வீடுகளில் எல்லோருக்கும் தெரிந்த வேலைதான். ஹெட்டின் ஓரத்தில் இருக்கிற அந்தச் சின்ன ஸ்க்ரூ! கேசட் ஓடிக்கொண்டிருக்கும்போதே மெல்லிய ஸ்க்ரூ டிரைவரை விட்டு, கால் சுற்றுக்கும் குறைவாக, இப்படியும் அப்படியும் திருப்பினால் ஏதோ ஒரு புள்ளியில் போர்வையை உருவிய மாதிரி டிரெபிள் எகிறிக் குதிக்கும். ஒவ்வொரு கேசட்டுக்கும் அந்தப் புள்ளி வேறு. நகலெடுத்த கருவியின் ஹெட் எந்தக் கோணத்தில் சாய்ந்திருந்ததோ, அதைத் தேடிப் பிடிக்கிற வேலை இது.

இன்னும் பின்னால் போனால் நியூயார்க், கிங் தெரு 84-ஆம் எண், பாரடைஸ் கராஜ் கிளப். 1977 முதல் 1987 வரை லாரி லெவன் என்ற டிஜே அங்கே அரசாண்டார். ரிச்சர்ட் லாங் வடிவமைத்த ஒலியமைப்பு. லெவன் இரவு ஏற ஏற டர்ன்டேபிளின் ஊசித்தலையைக் கழற்றி, அதைவிட உயர்ந்ததை மாட்டுவாராம்! கூட்டம் சூடேற ஏற ஒலியும் ஒரு படி தெளிவாகிக்கொண்டே போகும். டிஜே தன் மூல ஒலியின் தரத்தையே ஒரு இசைக்கருவியாக வாசித்திருக்கிறார் என்றால் என்ன சொல்வது! 1979-இல் அங்கே பதிவான ஒரு செட், 2000-ஆம் ஆண்டில்தான் முறையாக வெளிவந்தது. லெவன் 1992-லேயே காலமாகிவிட்டார். சிகாகோவின் மியூசிக் பாக்ஸ் கிளப்பில் ரான் ஹார்டி வாசித்தவையோ பெரும்பாலும் கைமாறிக் கைமாறி வந்த கேசட் நகல்கள்தான். ஒவ்வொரு நகலுக்கும் இரைச்சல் ஒரு அடுக்கு ஏறும், டிரெபிள் ஒரு அடுக்கு உதிரும். அந்த இரைச்சலுக்குள்ளிருந்து ஒரு பேஸ் எழும்பி வரும் பாருங்கள், நாற்காலியில் உட்கார முடியாது.

அதனால்தான் மூலப் பதிவு எங்காவது கிடைத்துவிட்டது என்ற செய்தி வந்தால் சேகரிப்பவர்களின் வட்டமே பரபரக்கும். வருஷக்கணக்கில் எஃப்எம் நகலாகவே கேட்டுப் பழகிய செட்டுக்கு, டிஜேயின் பரணிலிருந்து ஸ்பூல் டேப்போ, டேட் என்கிற டிஜிட்டல் கேசட்டோ இறங்கிவிட்டது என்று வையுங்கள்! உடனே போட்டுக் கேட்கிற அவசரம் மட்டும் ஆகாது. 70, 80-களின் ஸ்பூல்களில் பல, ஈரம் ஏறிப் பிசுபிசுத்துப் போயிருக்கும். அப்படியே ஓட்டினால் காந்தப் பூச்சு உரிந்து ஹெட்டில் ஒட்டிக்கொள்ளும். எனவே முதலில் அடுப்பு! 50 டிகிரியை ஒட்டிய இளஞ்சூட்டில் பல மணி நேரம் வாட்டி, ஆறவிட்டு, பிறகுதான் டெக்கில் ஏற்றுகிறார்கள். வாட்டிய டேப் சில வாரங்களுக்குத்தான் தாங்கும், மறுபடி ஈரம் ஏறிவிடும். டேட்டுக்கு அடுப்பு வேண்டாம், ஆனால் அது டிஜிட்டல். 1987-இல் சோனி கொண்டுவந்தபோது கேசட்டின் இரைச்சலுக்கே முடிவுகட்டிய அதிசயம். கேசட் பழுதானால் மங்கும், டேட் பழுதானால் கிரீச்சென்று கத்திவிட்டு மௌனமாகிவிடும். நடுவழி கிடையாது. ஒரு டெக்கில் ஓடாத டேட், ஹெட் சற்றே வேறு கோணத்தில் இருக்கிற இன்னொரு டெக்கில் ஜம்மென்று ஓடுவதும் உண்டு. எனவே மீட்பவர்கள் மேஜையில் இரண்டு மூன்று பழைய டெக்குகள் தயாராக நிற்கும். ஓடிவிட்டால் முழுசாக ஓட விடுகிறார்கள், நிறுத்திப் பார்ப்பதில்லை. ஒன்றில் கத்திய நொடிகளை இன்னொன்றின் ஓட்டத்திலிருந்து எடுத்து, அலையோடு அலை பொருத்தித் தைக்கிறார்கள். தைத்து முடித்த கோப்பின் பெயரில் டிஜே, ஊர், நாள், அதற்குப் பிறகு எந்த ஓட்டையிலிருந்து எந்த டேப்பில் ஏறி எந்த டெக்கில் இறங்கியது என்பதுவரை எழுதிவைத்துவிட்டுத்தான் முதல் பாட்டை உரக்கப் போடுகிறார்கள்.